ஏரியைப் பார்த்தால் போதாது, நடந்து பாருங்கள்



செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கிளம்பிவிடுகிறார்கள். பூவிருந்தவல்லியைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் ஏரிக்கரை வந்துவிடும். கரைமேல் ஏறுகிறார்கள், "அடேயப்பா, கடல் மாதிரி இருக்கிறதே!" என்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், கால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். நீங்களும் ஒரு முறை அப்படிப் போய் வந்திருக்கலாம்.

காட்சி அழகானதுதான், மறுக்கவில்லை. எதிர்க்கரை தெரியாத நீர்ப்பரப்பு, கூட்டமாக மிதக்கும் நாமக்கோழிகள், கம்பத்தின் மேல் இறக்கையை விரித்து உலர்த்தும் நீர்க்காகம் ஆகியவற்றைக் காண யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கடல் மாதிரி என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்த ஏரி முழுவதும் நிரம்பி நிற்கும்போது அதன் நீர்மட்டம் 24 அடி. அதாவது சற்றேறக்குறைய 7.3 மீட்டர், ஒரு மாடி வீட்டின் உயரம். அந்த ஆழமும் மதகை ஒட்டிய பகுதியில்தான். அங்கிருந்து உள்ளே போகப்போக ஆழம் குறைந்துகொண்டே வரும். கடலுக்கும் இதற்கும் என்ன உறவு? அகலமான ஒரு தாம்பாளத்தில் நீரை ஊற்றி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்த ஏரி இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஓரிடத்தில் நின்று பார்த்தால் போதாது, நடக்க வேண்டும்.

இந்த ஏரி கொள்ளும் நீர் 3,645 மில்லியன் கனஅடி என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறீர்கள். ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர். பெருக்கிப் பாருங்கள்: 10,300 கோடி லிட்டருக்குச் சற்று மேல் வரும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, சென்னை மாநகர் ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் குடிநீர் எடுத்துக்கொள்கிறது என வைத்துக்கொள்வோம். ததும்ப நிற்கும் இந்த ஏரி மட்டும் நகருக்கு 103 நாள் நீர் தரும். கடல் மாதிரி தோன்றியது மூன்றரை மாதத்துக்கும் குறைவான இருப்பு! அதுவும் வெயில் ஒரு சொட்டும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால்தான்.

இனி நடக்கலாம். முதலில் கரை.

நிலம் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் மண்ணைக் குவித்துப் பிறைவடிவில் கரை எழுப்புவது நம் நாட்டு வழக்கம். செம்பரம்பாக்கமும் அப்படிப்பட்ட ஏரிதான். நெடுங்காலம் வயலுக்கு நீர் பாய்ச்சிய பாசன ஏரி இது. நகரத்தின் தாகம் பெருகிய பிறகு குடிநீர் ஏரியாகிவிட்டது. கரையின் உட்புறச் சரிவில் கல் பாவியிருப்பதைக் கவனியுங்கள். அழகுக்காகச் செய்த வேலை அன்று. பரந்த நீர்மேல் காற்று நீண்ட தூரம் தடையின்றி வீசினால் அலை பெரிதாகும். ஓயாமல் மோதி மண்ணைக் கரைக்கும். அந்த அடியைக் கல் வாங்கிக்கொள்கிறது.

இங்கே ஒரு கேள்வி. இத்தனை பெரிய ஏரியின் நீர் முழுவதும் இந்தக் கரைமேல் சாய்ந்து தள்ளுகிறதே, கரை எப்படித் தாங்குகிறது? விடை உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. திரவத்தின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. பரப்பைப் பொறுத்தது அன்று. ஏரி நூறு மீட்டர் நீளமாக இருந்தாலும் பல கிலோமீட்டர் நீளமாக இருந்தாலும் 7.3 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒன்றேதான்: ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 7 டன்னுக்குச் சற்று மேல். மேலே போகப்போக அது குறைகிறது. ஆகவேதான் கரை அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருக்கிறது. வகுப்பில் இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வோர் கரைமேல் நடக்கும்போது கால்களாலேயே அதன் வடிவத்தை அறிந்துகொள்ளலாம்.

கரையின் வெளிப்புற அடிவாரத்தைப் பார்த்தபடியே நடங்கள். ஏரியைப் பார்க்க வந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத பக்கம் அது. ஆனால் பொறியாளர்கள் மழைக்காலத்தில் உற்றுப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். மண்கரை எதுவும் நூற்றுக்கு நூறு நீர் புகாததாக இருப்பதில்லை. சிறிதளவு நீர் கசியத்தான் செய்யும். அடிவாரத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சைப்பசேலென்று வளர்ந்திருந்தால் அங்கே கசிவு உண்டு என்று ஊகிக்கலாம். கசியும் நீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. கலங்கி, மண் நிறத்தில் வந்தால்தான் ஆபத்து. நீர் தன்னோடு கரையின் மண்ணையும் எடுத்துக்கொண்டு வருகிறது என்பது பொருள். உள்ளே ஒரு வழி குடையப்பட்டு வருகிறது. நண்டு வளையும் எலி வளையும் பட்டுப்போன மரத்தின் வேர் விட்டுச்சென்ற துளையும் இதற்குத் தொடக்கமாகிவிடுவது உண்டு. பழைய நாளில் ஊர் ஏரிகளில் மழை நாளெல்லாம் கரைக் காவலுக்கு ஆள் போட்டது இதற்காகத்தான். மண்வெட்டியும் லாந்தருமாக இரவெல்லாம் கரைமேல் நடந்த அவர்கள், ஏரியைச் சுற்றி நடப்பதன் பயனை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள்.

அடுத்து மதகுகள். செம்பரம்பாக்கத்தில் 5 கண் மதகு, 19 கண் மதகு என்று மழைக்காலத்தில் நாளிதழ்களில் அடிபடும் பெயர்கள் இவற்றுக்குரியவை. கண் என்றால் நீர் வெளியேறும் திறப்பு. பாசன மதகு நீரை வயலுக்கு அனுப்பும். இவை வெள்ளக் காலத்து மிகைநீரை வெளியேற்றுவதற்கானவை. இப்படி வெளியேறும் நீர் அடையாற்றில் சேர்ந்து, திருநீர்மலை, மணப்பாக்கம், சைதாப்பேட்டை என்று நகரத்தின் நடுவே ஓடிக் கடலில் விழுகிறது. மதகின் பக்கத்தில் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் காட்டும் அளவுகோல் இருக்கும். என் கருத்தில் ஏரியிலேயே மிக முக்கியமாகப் பார்க்க வேண்டிய பொருள் அதுதான். அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும். மதகின் மேல் ஏறுவது வேண்டாம்.

அளவுகோலில் 12 அடி என்று காட்டுகிறது என்க. 24 அடி ஏரியில் 12 அடி என்றால் பாதி நீர் இருக்கிறது என்று நினைப்பீர்கள். தவறு. ஏரியைத் தலைகீழாக வைத்த கூம்பு என்று எண்ணிக் கணக்கிட்டால், பாதி உயரத்தில் இருப்பது எட்டில் ஒரு பங்கு நீர்தான்! அதே கூம்பில் மேலேயுள்ள 2 அடியில் மட்டும் ஏறக்குறைய கால்பங்கு நீர் அடங்கிவிடும். உண்மையான ஏரி கூம்பு அன்று. ஆகவே அங்கே வேறுபாடு இவ்வளவு இராது. ஆயினும் மேலே போகப்போக ஒவ்வோர் அடியும் அதிக நீரைக் கொள்ளும் என்பது எல்லா ஏரிக்கும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏரியை விளிம்பு வரை நிரப்பாமல் ஓரிரண்டு அடி காலியாக வைத்துக்கொள்வதன் காரணம் இப்போது விளங்குகிறதா? அந்த இரண்டடிதான் திடீர் வெள்ளத்தை ஏந்திக்கொள்ளும் பாத்திரம். ஆனால் மழை பொய்த்துவிட்டால் அதே இரண்டடி நீரைக் கோடையில் எண்ணி வருந்த நேரிடும். வைத்திருக்கவும் அச்சம், விடவும் அச்சம். ஏரியை ஆள்வோர் ஒவ்வோர் ஆண்டும் படும் பாடு இது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் என்ன நடந்தது என்பதை உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். அன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் இரு கரையிலும் வீடுகள் மூழ்கின, உயிர்கள் போயின. ஏரி நீர்தான் காரணமா, ஆற்றில் வேறு ஏரிகளிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் வந்து சேர்ந்த வெள்ளமா, முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாமா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அதில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. நான் சொல்ல வருவது வேறு. வினாடிக்கு 29,000 கனஅடி என்ற செய்தி அன்று காதில் விழுந்திருந்தாலும், ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரிந்திருக்கும்? அது வினாடிக்கு 8.2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 68, ஒவ்வொரு வினாடியும்! அந்த வேகத்தில் விட்டுக்கொண்டே இருந்தால் நிறைந்த ஏரி 35 மணி நேரத்தில் காலியாகிவிடும். ஏரியை அடிக்கணக்கில் படிக்கத் தெரிந்த ஒருவர் தெருவுக்கு ஒருவராவது இருந்திருந்தால், பரணில் ஏற்ற வேண்டியதை ஏற்றவும் மேட்டுக்குப் போக வேண்டியவர்கள் போகவும் இன்னும் சிறிது நேரம் கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சரி, நடையைத் தொடர்வோம். கரைமேலேயே போய்க்கொண்டிருந்தால் ஏரியை முழுதாகச் சுற்றிவிடலாம் என்று எண்ணுவீர்கள். முடியாது. பிறையின் முனை வந்ததும் கரை தாழ்ந்து, தரையோடு தரையாகிவிடும். அதற்கப்பால் ஏரிக்குக் கரையே இல்லை! மேட்டு நிலத்திலிருந்து மழைநீரும் மேலுள்ள ஏரிகளின் மிகைநீரும் உள்ளே வர வேண்டிய பக்கம் அது. பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாய் வழியாகவும் இந்த ஏரிக்கு நீர் வருகிறது. திறந்த பக்கத்தில் ஏரியின் எல்லையை ஆண்டுதோறும் வரைவது மழைதான். கார்த்திகையில் நீர் இருந்த இடத்தில் வைகாசியில் மாடு மேயும். பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள்.

ஏரியின் உயிர் இருக்கும் இடம் என்று இதைத்தான் சொல்வேன். சாய்வு மிகக் குறைவாக உள்ள இந்த ஓரத்தில்தான் முழங்கால் அளவு நீரில் கொக்கும் நாரையும் இரை தேடுகின்றன. புதுநீர் புல்லை மூழ்கடித்ததும் மீன்கள் பல வந்து முட்டையிடுவதும் இங்கேதான். ஓடிவரும் வெள்ளத்தைப் புல் தடுத்து நிறுத்தி, அதன் மண்ணில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதால் ஏரி தூர்ந்துபோவது சிறிது தாமதப்படுகிறது. ஆனால் வறண்ட காலத்தில் பார்ப்பவருக்கு இது யாருக்கும் பயன்படாத காலி நிலம்போல் தோன்றும். முதலில் ஒரு வேலி, பிறகு ஒரு குடிசை, பிறகு குப்பை லாரி, பிறகு மனைக்கல். நம் மாநிலத்து ஏரிகள் பல இப்படிப் பின்வாசல் வழியாகத்தான் சுருங்கின. கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் பெரிய ஏரிகள் ஏறக்குறைய முற்றிலும் வற்றின. செம்பரம்பாக்கத்தின் அடித்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தபோது நகரமே அதைக் கொண்டாடியது. ரயில் கொண்டு வந்தது 25 லட்சம் லிட்டர். நாம் முன்பு எடுத்துக்கொண்ட நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்ற கணக்குப்படி, அது நகரத்துக்கு 3.6 நிமிடத் தேவை. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். வெயில் நாளில் ஏரியின் நீர்மட்டம் ஆவியாதலால் 5 மில்லிமீட்டர் குறைகிறது என்க. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் அது 50 லட்சம் லிட்டர். அதாவது, அத்தகைய ரயில்கள் இரண்டு கொண்டுவரும் நீரை ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலிருந்தும் கதிரவன் ஒரே நாளில் ஓசையின்றி எடுத்துச் செல்கிறான்! ஏரி தூர்ந்து, தாம்பாளம் இன்னும் தட்டையானால் அதே அளவு நீர் அதிகப் பரப்பில் பரவி நிற்கும், இழப்பும் கூடும். தூர்வாருவது ஏரியில் இடத்தை மட்டும் கூட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆழம் கூடுவதால் வெயிலுக்குப் போகும் பங்கும் குறைகிறது.

இனி, ஏரிக்கரையை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, பூட்டிவிடு என்கிறது. மக்கள் வந்தால் பிளாஸ்டிக் வரும், எச்சில் இலை வரும், குளிக்க இறங்கி உயிர் விடுவார்கள். குடிநீர் ஏரிக்கு வேலியும் காவலுமே பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். மற்றொரு கட்சி, அழகுபடுத்து என்கிறது. சிமெண்டு நடைபாதை, கம்பி வேலி, அலங்கார விளக்கு, விசைப்படகு, சிற்றுண்டிக் கடைகள் எல்லாம் இருந்தால் ஊருக்கு வருமானம் என்கிறது.

எனக்கு இரண்டும் சம்மதமில்லை. முதல் கட்சியின் அச்சம் நியாயமானது, முடிவுதான் தவறு. பூட்டிய ஏரியின் பின்பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை யார் பார்ப்பது? நூறு காவலர்களைவிட வாரந்தோறும் நடந்து செல்லும் நூறு பேரின் கண்கள் அதிகம் பார்க்கும். இரண்டாவது கட்சியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விசைப்படகின் எண்ணெயும் கடைகளின் கழிவும் போய்ச் சேருமிடம் உங்கள் வீட்டுக் குழாய். இரவெல்லாம் எரியும் விளக்கு பறவைகளை விரட்டும். சாய்வான புல் ஓரத்தை வெட்டிச் செங்குத்தாகச் சிமெண்டுச் சுவர் எழுப்பினால், நான் மேலே சொன்ன கொக்கும் மீனும் வண்டலைப் பிடிக்கும் புல்லும் ஒரே நாளில் வேலை இழக்கும்.

குடிநீர் ஏரியில் மனிதர் நடக்கலாமா என்று ஐயப்படுவோர் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். அங்கே நகரின் நடுப்பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மெக்ரிட்சி நீர்த்தேக்கம் இருக்கிறது. நீரைக் காப்பதற்காக அதைச் சுற்றிய காட்டை வெட்டாமல் விட்டார்கள். இன்று அந்தச் சிறிய நாட்டில் எஞ்சியுள்ள இயற்கைக் காட்டில் பெரும்பகுதி அங்கேயும் அதை ஒட்டியும்தான் இருக்கிறது. அதனூடே பல கிலோமீட்டர் நடைவழி செல்கிறது. 2004-இல் மரங்களின் உச்சி உயரத்தில் 250 மீட்டர் நீளத் தொங்குபாலமும் அமைத்தார்கள். துடுப்புப் படகு உண்டு, நீந்தத் தடை. குரங்குக்குத் தீனி போட்டால் அபராதம். அந்நாட்டின் ஆட்சி மொழிகளுள் தமிழும் ஒன்று. அந்தப் பாதையில் நடக்கும் தமிழர்களும் நம்மவர்கள்தாம். அவர்களால் முடிந்த ஒழுங்கு நம்மால் முடியாது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கரையை நடப்பவர்களுக்குத் திறந்து வையுங்கள். வண்டிக்கும் கடைக்கும் படகுக்கும் மூடி வையுங்கள். மண்பாதை மண்பாதையாகவே இருக்கட்டும். மதகருகில் பாதுகாப்பான தொலைவில் ஒரு பலகை வைத்து, அன்றைய நீர்மட்டம், இருப்பு, உள்ளே வருவது, வெளியே செல்வது ஆகிய நான்கு எண்களை நாள்தோறும் எழுதுங்கள். பக்கத்திலேயே, ஒரு கனஅடி எத்தனை லிட்டர் என்பதையும் எழுதுங்கள். பள்ளிகள் உல்லாசப் பயணத்துக்குச் செலவிடும் ஒரு நாளை இதற்குத் தரட்டும்: ஐப்பசியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை, ஒரே வழியில்.

நீங்கள் செல்வதானால் சில செய்திகள். தனியாகப் போகாதீர்கள், ஆசிரியரோடோ பெற்றோரோடோ போங்கள். கரைமேல் செல்ல அன்று அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை உள்ள நாளிலும் மிகைநீர் திறக்கும் நாளிலும் அந்தப் பக்கமே போக வேண்டாம். நீரில் இறங்காதீர்கள், வற்றிய ஏரியின் சேறு மேலே காய்ந்தும் அடியில் குழைந்தும் இருக்கும். தொப்பி, குடிநீர், குறிப்பேடு, அளவு நாடா இவை போதும். செம்பரம்பாக்கம்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரிலும் ஓர் ஏரி இருக்கும்.

திறந்த பக்கத்து ஓரத்தில், உறுதியான தரையில், நீர் முடியும் இடத்துக்கு நேராக ஒரு குச்சியை நடுங்கள். மழையில்லாத பத்து நாள் கழித்துப் போய், நீர் விளிம்பு குச்சியிலிருந்து எத்தனை மீட்டர் விலகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அதே பத்து நாளில் நீர்மட்டம் எத்தனை சென்டிமீட்டர் தாழ்ந்தது என்பதை அளவுகோலில் இருந்தோ செய்தித்தாளில் இருந்தோ குறித்துக்கொள்ளுங்கள். மட்டம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்து, விளிம்பு 20 மீட்டர் விலகியிருந்தால் அங்கே தரையின் சாய்வு 400-க்கு 1. அந்தச் சாய்வில் நீர்மட்டம் ஓரடி ஏறினால் ஏரி எவ்வளவு தூரம் வெளியே வரும் என்று கணக்கிட்டு, அந்தத் தூரத்தை மேட்டுப்பக்கமாக நடந்து பாருங்கள். ஏறக்குறைய 120 மீட்டர் வரும். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.